வியர்வையிலும் நிற்கும் சன்கிறீம்: திருகோணமலை வெயிலில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மரதன், அரை மரதன், நீண்ட சைக்கிள் ஓட்டம், நீச்சலும் சேர்ந்த ட்ரையத்லன் என்று சில மணித்தியாலங்கள் தொடர்ந்து வெயிலில் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். போட்டிக்கு முதல்நாள் பாமசிக்குப் போய், இருப்பதிலேயே பெரிய எண் போட்ட குழாயை வாங்கி, காலையில் தொடக்கக் கோட்டில் நின்றபடி இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஓடத் தொடங்குகிறார்கள். ஒன்பது மணிக்குக் கண் எரியும், பின்னேரம் பிடரி எரியும், கடைசியில் பழி கிறீமின் தலையில் விழும். பெரும்பாலும் கிறீம் சரியாகத்தான் இருக்கும், செய்த ஒழுங்குதான் பிழை. கிறீம் வாங்குவது நாலாவது, ஐந்தாவது வேலை. அதற்கு முன்னே செய்ய வேண்டியவை இருக்கின்றன.

போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். உடம்புக்கு ஒரு லோஷன், முகத்துக்கு ஒரு ஸ்டிக், உதட்டுக்கு ஒரு பாம், ஒரு தேக்கரண்டி, நாலாக மடித்த மெல்லிய பருத்தித் துணி, சிப் வைத்த சின்னப் பொலித்தீன் பை, இவ்வளவும் தேவைப்படும்.

1. வெயிலில் நிற்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

முழு ஓட்ட நேரமும் ஆபத்தானது அல்ல. உங்கள் நிழல் உங்களை விட நீளமாக இருக்கும்வரை புற ஊதாக் கதிர் குறைவு. நிழல் உங்களை விடக் கட்டையானதும் கணக்கு மாறுகிறது. எங்கள் பக்கம் போட்டிகளுக்கு ஏற்ற வரண்ட மாதங்களில் இது காலை ஒன்பது மணியளவில் நடக்கும், பிற்பகல் மூன்று மணிவரை நீடிக்கும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களிலும், மறுபடி ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும்.

ஆகவே விடிய 5.30க்குத் தொடங்கி எட்டு மணிக்குள் அரை மரதனை முடிக்கிறவருக்கு நல்ல ஒரு பூச்சே போதும். அதே நேரத்தில் முழு மரதனைத் தொடங்கி பத்தரைக்கு வந்து சேருகிறவருக்குக் கடைசி ஒன்றரை மணித்தியாலம்தான் முழு வெயில். அவருக்கு இடையில் ஒரு மறுபூச்சு கட்டாயம் வேண்டும். கந்தளாய் வரை போய்த் திரும்பும் சைக்கிள்காரருக்கு அது இரண்டாகலாம். இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் எவ்வளவு கிறீம் வாங்க வேண்டும் என்பதே தெரியவரும்.

மேகத்தையும் காற்றையும் நம்பாதீர்கள். மெல்லிய மேகம் புற ஊதாவின் பெரும்பகுதியைக் கீழே வர விட்டுவிடும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கடற்காற்று தோலைக் குளிர வைப்பதால் எரிவது தெரியாது. காய்ந்த மணல் மேலே விழும் புற ஊதாவில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம் வரை. தொப்பி போட்டவருக்கும் தாடையின் கீழ்ப்பக்கம் சிவப்பது இதனால்தான்.

2. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள்

நிலாவெளி வீதியில் குச்சவெளிப் பக்கம் ஓடும்போது கடல் வலது கைப்பக்கம். காலை வெயிலும் அந்தப் பக்கந்தான். வலது காது, வலது கழுத்து, வலது முன்னங்கை. திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும், இடது பக்கம் அதைவிடக் கூடுதலாக வாங்கும். சித்திரை நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த மாதங்களில் மதியத்துக்குக் கிட்ட நகரை நோக்கித் திரும்பி வருகிறவருக்குப் பிடரிதான் முழுதாகத் திறந்து கிடக்கிறது.

சீனக்குடா வழியாகக் கந்தளாய்க்குப் போகிற சைக்கிள்காரருக்குக் காலையில் வெயில் முதுகுப் பக்கம். குனிந்து ஓட்டுவதால் கெண்டைக்கால், முழங்கால் மடிப்பின் பின்புறம், கழுத்தின் பின் எலும்பு மூன்றும் நேராக அதைப் பார்த்தபடி இருக்கும். உங்கள் பாதையை ஒரு தாளில் கீறி, எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெயில் என்று குறித்துவிடுங்கள். மறுபூச்சில் முதலில் எங்கே கை போக வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

3. துணியால் மூடக்கூடியதை மூடுங்கள்

துணி வியர்வையில் கரைவதில்லை, கண்ணில் வடிவதும் இல்லை. ஆனால் எல்லாத் துணியும் காக்காது. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட்டின் காப்பு மிகக் குறைவு, நனைந்து உடம்போடு ஒட்டியதும் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த பொலியெஸ்டர், கொஞ்சம் அடர்ந்த நிறம், துணி புற ஊதாவை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் யூ.பி.எப். 50 என்ற குறிப்பு, இவற்றைப் பாருங்கள். கைக்குக் கழற்றக்கூடிய ஸ்லீவ், பிடரியை மூடும் துணி தைத்த தொப்பி, இவை இரண்டும் இருந்தால் பூச வேண்டிய இடம் பாதியாகக் குறையும். தலையை மூடி ஓடும் பெண்களுக்குக் காதும் பிடரியும் ஏற்கனவே பாதுகாப்பு. அவர்கள் நெற்றி ஓரத்திலும் புறங்கையிலும் கவனம் வைத்தால் போதும்.

4. உங்கள் தோலையும் மருந்தையும் கணக்கில் எடுங்கள்

“எங்கட தோலுக்கு இது எதுக்கு அண்ணா?” என்ற கேள்வி எப்போதும் வரும். கறுத்த தோலுக்கு இயற்கையான காப்பு இருப்பது உண்மைதான். ஆனால் நாலு மணித்தியால வெயிலுக்கு அது காணாது. எங்கள் தோல் சிவப்பைக் காட்டாமல் எரியும்: தொட்டால் சூடு, இழுவை, இரண்டு நாளில் உரிதல். கன்னத்தில் மங்கு என்கிற கருந்திட்டு உள்ளவர்களுக்கு ஒரு நீண்ட ஓட்டமே அதைக் கருமையாக்கிவிடும்.

சில மருந்துகளால் தோல் வெயிலில் இலகுவாக எரிந்துவிடும். முக்கியமாக டொக்சிசைக்ளின். எலிக்காய்ச்சல் தடுப்புக்காக வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை இது. தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் விதைப்புக் காலத்தில் இதை எடுத்துக்கொண்டே பயிற்சியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த நாட்களில் நீண்ட ஓட்டத்தை விடியலுக்கு மாற்றுங்கள். முகப்பருவுக்கு ரெட்டினோயிட் பாவிக்கிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

5. லேபிளில் மூன்றே மூன்றைப் பாருங்கள்

முதலாவது எஸ்.பி.எப்., அதாவது வெயிலில் தோல் எரிவதை எவ்வளவு தடுக்கும் என்ற எண். 30 என்றால், புற ஊதாவில் தோலை எரிக்கும் வகையான யூ.வி.பி. கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் 50ஐ வாங்குங்கள். இந்த எண்களை ஆய்வுகூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். வீட்டில் யாரும் அவ்வளவு தடிப்பாகப் பூசுவதில்லை, பாதிகூட இருக்காது. குறைத்துப் பூசினால் எண்ணும் இறங்கும். அந்த இறக்கத்தைத் தாங்கத்தான் 50. நூறு என்று போட்டிருந்தால் அதை நம்பி மறுபூச்சைத் தள்ளிப்போடத் தோன்றும். எனக்கு அது விருப்பமில்லை.

இரண்டாவது, புற ஊதாவின் மற்ற வகையான யூ.வி.ஏ.க்கு எதிரான காப்பு. எஸ்.பி.எப். எண் பெரும்பாலும் யூ.வி.பி.யைத்தான் சொல்லும். கருமைக்கும் மங்குவுக்கும் யூ.வி.ஏ.க்குப் பெரிய பங்கு உண்டு. பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நாலு கூட்டல் குறி இருக்க வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பு என்றால் வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்ற முத்திரை, அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ‘புரோட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்.

மூன்றாவதுதான் நெடுந்தூரத்துக்கு உயிர்: தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற குறிப்பு. அமெரிக்க விதிப்படி 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று மட்டும் போடலாம், அவ்வளவு நேரம் நீரில் இருந்த பின்பும் நிற்கிற எஸ்.பி.எப். எண்ணைத்தான் லேபிளில் காட்ட வேண்டும். ஐரோப்பிய முறையில் நீரில் இருந்த பின் பாதிக் காப்பு மிஞ்சினாலே ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போடலாம். அவுஸ்திரேலியத் தயாரிப்புகளில் 4 மணித்தியாலம் என்று காண்பீர்கள். ஒரே 50 என்றாலும் நாட்டைப் பொறுத்து அர்த்தம் வேறு என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். ‘வாட்டர்புரூப்’, ‘ஸ்வெட்புரூப்’ என்ற சொற்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 இன் விதிகளில் லேபிளிலிருந்து நீக்கச் சொன்னது, அப்படி ஒரு கிறீம் இல்லை என்பதால்.

இன்னொன்று. நீர்ச் சோதனை ஆளைத் தண்ணீரில் இருத்தி எடுப்பது. அங்கே துவாயால் துடைப்பதும் இல்லை, பை வார் உரசுவதும் இல்லை. வியர்வையோ பூச்சுக்கு அடியிலிருந்து கிளம்பிப் படலத்தைத் தூக்கிவிடும். அதனால் 80 நிமிடம் என்ற எண்ணை ஓட்டத்தில் மேல் எல்லையாக எடுங்கள், உறுதிமொழியாக எடுக்க வேண்டாம்.

6. முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று

ஒரே குழாயில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதுதான் கண் எரிச்சலுக்கு முதல் காரணம். இரசாயன வடிகட்டிகள், அதாவது அவொபென்சோன், ஒக்டோகிரிலீன் போன்றவை உள்ள மெல்லிய லோஷன் கை காலில் இலகுவாகப் பரவும், வெள்ளை படியாது, விரைவாகக் காயும். உடம்புக்கு அது நல்லது. நெற்றியில் பூசினால் வியர்வையோடு வடிந்து கண்ணைக் கரிக்கும்.

முகத்துக்கு சிங்க் ஒக்சைட் உள்ள ஸ்டிக் வாங்குங்கள். மெழுகுத் தன்மை உள்ளதால் இடத்தை விட்டு நகராது, கண்ணில் பட்டாலும் பெரிதாகக் கரிக்காது. வெள்ளையாகத் தெரியும்தான். அது பிடிக்காவிட்டால் தோல் நிறம் கலந்த சிங்க் தேடுங்கள். அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை.

கடலில் நீந்துகிறவர்கள் உடம்புக்கும் சிங்க் வகையையே எடுங்கள். ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கேடு என்ற கவலையில் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவை கலந்த கிறீம்களின் விற்பனையைத் தடுத்தது. நிலாவெளிக்கு எதிரே உள்ள எங்கள் புறாத்தீவுப் பவளம் ஏற்கனவே நிறையத் தாங்கிவிட்டது. நிலாவெளிக் கரையில் இறங்குகிற நாங்களாவது இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பிரே வேண்டாம். கரைக் காற்றில் பாதி மணலுக்குப் போகும், மிச்சம் மூக்குக்குள். எஸ்.பி.எப். 15 போட்ட, நிறம் வெளுக்க விற்கும் பகல் கிறீம்கள் இந்த வேலைக்கு ஆகாது.

7. கடையில்

திகதியைப் பாருங்கள். யன்னல் ஓரத்து வெயிலில் அடுக்கி வைத்த குழாயை எடுக்காதீர்கள், சூட்டில் உள்ளே இருப்பது பிரிந்துபோகும். திறந்து ஒரு துளி எடுத்துப் பார்க்கும்போது தண்ணீர் தனியாக, பசை தனியாக வந்தால் அது கெட்டுவிட்டது.

அளவு: முகம் கழுத்துக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. ஐந்து தேக்கரண்டி, அதாவது 25 மில்லிலீற்றர். 50 மில்லிலீற்றர் குழாய் இரண்டு முழுப் பூச்சோடு முடிந்துவிடும். ஒரு குழாய் வருடம் முழுக்க வருகிறது என்று சொல்லுகிறவர் பூசவே இல்லை என்றுதான் அர்த்தம்.

8. வீட்டில் சோதியுங்கள்

முன்னங்கையின் உட்புறத்தில் சின்ன இடத்தில் பூசி இரண்டு நாள் பாருங்கள். கடி, தடிப்பு இல்லையென்றால் அடுத்தது நீர்ச் சோதனை. ஒரு கையில் சரியான அளவு பூசி, மின்விசிறிக்குக் கீழே 20 நிமிடம் காய விடுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைக் கைமேல் ஓட விடுங்கள். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடினால் படலம் பிடித்திருக்கிறது. பால் கலந்த மாதிரி வெள்ளையாக வடிந்தால், ஒன்று காயவில்லை அல்லது கிறீம் வியர்வைக்கு நிற்காது. இன்னும் பத்து நிமிடம் காயவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பால் வடிந்தால் அதை வீட்டுப் பாவனைக்கு வைத்துக்கொண்டு வேறு வாங்குங்கள்.

கடைசியாக, போட்டிக்குப் போடும் அதே உடுப்போடு ஒரு நீண்ட பயிற்சி ஓட்டம். கண் எரிகிறதா, வார் உரசும் இடத்தில் உருண்டு திரள்கிறதா என்று அப்போது தெரியும். போட்டி நாளில் புதுக் கிறீம் தொடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

9. போட்டிக் காலையில் பூசும் ஒழுங்கு

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஆறுதலாக வாசியுங்கள்.

முதல்நாள் இரவு தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு இறங்கி, பூச்சையும் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் போகும். சவரம் செய்வதென்றால் அதையும் இரவே முடியுங்கள். புதிதாகச் சவரம் செய்த தோல் கிறீம் பட்டதும் எரியும்.

காலையில் குளித்துத் துடைத்த பிறகு உடனே பூசாதீர்கள். எங்கள் ஈரக் காற்றில் குளித்து வந்ததுமே மறுபடி வியர்க்கும், ஈரத் தோலில் படலம் பிடிக்காது. விசிறிக்குக் கீழே நின்று தோல் முழுதாகக் காயட்டும். உடம்பில் இலக்கம் எழுதும் போட்டி என்றால், எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பூசுங்கள். கிறீம் மேல் மார்க்கர் பேனா பிடிக்காது. எழுதி முடித்து மை காய்ந்ததும் அந்த இடத்துக்குப் பூசலாம்.

உடுப்புப் போட முன்னே பூசுங்கள். போட்ட பிறகு பூசினால் ஓரங்கள் விடுபடும், ஓடும்போது பெனியன் கொஞ்சம் நகர்ந்ததும் அந்தக் கோடு எரியும். சுவருக்குப் பெயின்ற் அடிப்பது போல இரண்டு மெல்லிய பூச்சு: ஐந்து தேக்கரண்டியில் பாதி முதலில், பத்து நிமிடம் கழித்து மிச்சம். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் மேல் காய்ந்து அடி ஈரமாக இருக்கும், அது உருண்டு வந்துவிடும். அழுத்தித் தேய்க்காமல் புள்ளி புள்ளியாக வைத்து நீவிவிடுங்கள். விடுபடும் இடங்கள்: காதின் பின்புறம், வகிடு, கழுத்தின் பக்கங்கள், முழங்கால் மடிப்பு, புறங்கை.

முகத்துக்கு ஸ்டிக். ஒரு தடவை இழுத்தால் காணாது, ஒவ்வொரு இடத்திலும் நாலு தடவை போய் வர வேண்டும். புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் தடிப்பான பட்டை போடுங்கள். மேலிருந்து வரும் வியர்வையை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். உதட்டு பாமை மறக்க வேண்டாம்.

கிறீம் காய்ந்த பிறகே வாசலின், அதுவும் அக்குள், தொடை போன்ற உரசும் இடங்களில் மட்டும். வாசலினுக்கு மேல் சன்கிறீம் ஒட்டாது. நுளம்புக்குப் பூசுவதென்றால் அது எல்லாவற்றுக்கும் கடைசி.

பிறகு உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சைக்கிள் ஹாண்டில் வழுக்குவதும், நீச்சல் கண்ணாடி மங்குவதும் கையில் மிஞ்சிய கிறீமால்தான்.

இவை எல்லாம் தொடக்கத்துக்குக் குறைந்தது 20 நிமிடத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். விடிய 5.30 தொடக்கம் என்றால் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பூசிவிட்டு வாருங்கள். தொடக்க இடத்து இருட்டில் யாருக்கும் தன் பிடரி தெரியாது.

10. வழியில் மறுபூச்சு

இடத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். “எரியும்போது பூசுவம்” என்றால் நேரம் கடந்திருக்கும். தண்ணீர் கொடுக்கும் இடமாக, விடியத் தொடங்குகிறவர்கள் ஒன்பது மணிக்குச் சற்று முன் வரும் இடமாகவும், வெயில் ஏறிய பிறகு தொடங்குகிறவர்கள் முதல் பூச்சிலிருந்து 80 நிமிடத்துக்குள் வரும் இடமாகவும் பாருங்கள். ஸ்டிக்கும் துணியும் பொலித்தீன் பையில் பின்பொக்கற்றில் இருக்கட்டும்.

முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். துடைத்தால் மிச்சம் இருக்கிற படலமும் போய்விடும். மூக்கு, கன்னம், காது, பிடரி, அப்புறம் உங்கள் தாளில் குறித்த பக்கத்துக் கை. வியர்வை ஈரத்தில் லோஷன் பிடிக்காது, அதனால் வழியில் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்தான். ஒரு நிமிடம், கூடினால் இரண்டு.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது தலையைப் பின்னால் சாய்த்து உச்சியிலிருந்து பிடரிப் பக்கம் ஊற்றுங்கள். நெற்றியில் ஊற்றினால் அவ்வளவும் கண்ணுக்குள். தேசிக்காயும் உப்பும் எடுக்கிறவர்கள் கையிலும் வாய் ஓரத்திலும் பட்ட சாற்றைக் கழுவிவிடுங்கள். அந்தச் சாறு படிந்த தோலில் வெயில் பட்டால் கொப்பளம் போட்டு, கறுத்த தழும்பு மாதக் கணக்கில் நிற்கும்.

கடலிலிருந்து ஏறி சைக்கிளுக்குப் போகிறவர்கள் அந்த மாறும் இடத்திலேயே ஒற்றி, பிடரிக்கும் தோளுக்கும் பூசி, பிறகு ஸ்லீவைப் போடுங்கள். அரை நிமிடம் மிச்சம் பிடிக்க இதை விடுகிறவர்கள் சைக்கிளில் மூன்று மணித்தியாலம் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சன்கிறீம் தோலைக் காக்கும், உடம்புச் சூட்டைக் குறைக்காது. தலை சுற்று, குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோதல் வந்தால் பூச்சை விட்டு நிழலுக்குப் போங்கள்.

11. முடிந்த பிறகு

எரிந்த இடத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், நிழல், குடிக்க நிறைய நீர். பற்பசை, தேசிக்காய், நேரடி ஐஸ் வேண்டாம். பெரிய கொப்பளங்களோடு காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடுப்பை இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அவொபென்சோன் இரும்போடு சேர்ந்து துருக் கறை போல மஞ்சள் பிடிக்கும், பிறகு போகாது.

அடுத்த நாள் கண்ணாடியில் பாருங்கள். ஓரங்களில் கோடு கோடாக எரிந்திருந்தால் உடுப்புக்குப் பிறகு பூசியிருக்கிறீர்கள். முன்னங்கை முழுக்க ஒரே சீராக எரிந்திருந்தால் அளவு காணாது. மூக்கும் கன்னமும் மட்டும் என்றால் துவாயால் துடைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் மறுபூச்சு பிந்திவிட்டது. அதை அதே தாளில், அந்தந்த இடத்துக்கு நேரே எழுதி வையுங்கள். மிச்சக் குழாயை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைக்காமல் வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். அந்தச் சூட்டில் அது சில கிழமையில் பிரிந்துவிடும்.